இடது முனை மேலே

துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் ஜாடியைப் படுக்க வைத்த கைகள், உலர்ந்த துணியால் அதை ஒரு சுற்று துடைத்தன. பிறகு மணிக்கட்டின் உட்புறத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தன. இளஞ்சூடுகூட இருக்கக் கூடாது. சூட்டோடு ஒட்டினால் ஒட்டும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆறிய பிறகு லேபிளுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். இந்த ஜாடி ஆறியிருந்தது. கண்ணாடியை வார்த்த அச்சின் கோடு மெல்லிய நரம்பு போல மேலிருந்து கீழே ஓடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் தேடிப் பிடித்து, லேபிளின் பின்தாளை உரித்து, வலது முனையைக் கோட்டின் மேல் வைத்தன. ஜாடியை மெல்ல உருட்டி, நடுவிலிருந்து ஓரங்களுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே வந்து, சுற்றி வந்த இடது முனையை அதன் மேல் படிய வைத்து அழுத்தின. ஒரு விரல் அகலத்துக்கு, இடது முனை வலது முனையை மூடிக்கொண்டது.

இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தக் கைகள் இடது முனையை முதலில் வைத்து, வலது முனையை மேலே ஒட்டித்தான் பழகியவை. நேற்றுக் காலையிலிருந்துதான் தலைகீழ். பழக்கம் விரல்களைப் பழைய பக்கமே இழுத்தது. அதனால் ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு கணம் நின்று, எந்த முனை என்று பார்த்து, அப்புறம் வைக்க வேண்டியிருந்தது. அறுநூறு ஜாடிக்கு அறுநூறு முறை நிற்பது. நியேவெஸுக்குக் கழுத்து வலித்தது. ஸ்டூலுக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாள். மதியத்துக்கு மேல் கால் வீங்கி அதற்குள் நுழையாது.

சிலாய் ஊரின் பெரிய சாலைக்குப் பின்னால் இருக்கிற அந்த இனிப்புக் கடையில் அவள் சேர்ந்தபோது வயது முப்பத்தொன்று. கணவன் கரும்பு லாரியிலிருந்து விழுந்து இறந்த ஆண்டு அது. மகன் பால்குடி மறந்திருந்தான். அடுக்களையில் வேலை கேட்டுப் போனவளை, பழைய முதலாளி கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு லேபிள் மேசையில் உட்கார வைத்தார். வியர்க்காத கைகள் வேண்டும் அந்த வேலைக்கு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வாரம் ஒட்டியதில் பாதி கோணல். இரண்டாம் வாரம் அச்சுக்கோட்டைக் கண்டுபிடித்தாள். ஆறாம் மாதத்திலிருந்து கோணல் கிடையாது.

கடையின் பெயரெடுத்த பண்டம் யேமா. கெட்டிப்பால், முட்டை மஞ்சள்கரு, சர்க்கரை. அடிகனத்த பெரிய வாணலியில் கிண்டிக் கிண்டி, கரண்டியிலிருந்து நாடாவாக இறங்கும்போது எடுத்து ஜாடியில் ஊற்றுவார்கள். அந்த வாணலி மாறவில்லை. அளவும் மாறவில்லை. லேபிள்தான் மாறிக்கொண்டே இருந்தது.

அவள் முதலில் ஒட்டியது சிவப்பு லேபிள். மாதாகோயில் மணிக்கூண்டின் படமும் கடையின் பெயரும், அவ்வளவுதான். சில வருடம் கழித்து மஞ்சள் லேபிள் வந்தது. குழந்தைகளுக்குப் புரதம் என்று அதில் எழுதியிருந்தது, முட்டை இருக்கிறதல்லவா. அப்புறம் ஊரெல்லாம் பழுப்புச் சர்க்கரை மோகம் பிடித்தபோது பழுப்பு லேபிள். வெள்ளைச் சர்க்கரை மூட்டையோடு இரண்டு கை பழுப்புச் சர்க்கரையும் வாணலிக்குப் போயிற்று. 'இயற்கைக் கரும்பின் இனிப்பு' என்று லேபிளுக்குப் போயிற்று. நியேவெஸ் இதையெல்லாம் ஒரு குற்றமாக நினைத்ததில்லை. சட்டை மாற்றுகிற மாதிரிதான். தான் ஒட்டுவதை அவள் படிப்பதுகூட அபூர்வம். ஓரம் நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

நான்கு வருடம் முன்பு பழைய முதலாளி படுத்துவிட, மணிலாவில் வேலையிலிருந்த மகள் தெரேஸ் வந்து கடையை எடுத்துக்கொண்டாள். அப்போது கடை மூடுகிற நிலையில் இருந்தது. இதே தெருவில் மூன்று இனிப்புக் கடைகள் ஏற்கெனவே மூடியிருந்தன. தெரேஸ்தான் முருங்கை இலையைக் கொண்டுவந்தாள். ஒரு வாணலிக்கு ஒரு கரண்டி முருங்கைப் பொடி. யேமா லேசாகப் பச்சை காட்டும். லேபிள் முழுக்கப் பச்சை. நடுவில் பெரிய இலை. 'முருங்கை யேமா: உடலுக்கு நல்லது.'

அந்த வருடம்தான் ஜாடியும் மாறியது. புது ஜாடி கொஞ்சம் ஒல்லி. லேபிளோ பழைய ஜாடிக்கு அடித்து வந்தது. ஒட்டினால் நெல் அகலத்துக்கு ஏற வேண்டிய முனை ஒரு விரல் அகலத்துக்கு ஏறியது. இடது ஓரத்தில்தான் சத்து விவரங்கள் பொடி எழுத்தில் இருந்தன; நூறு கிராமில் சர்க்கரை அறுபத்திரண்டு கிராம் என்ற வரி அங்கேதான். வலது முனை வந்து அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

முதல் நாளே நியேவெஸ் கொண்டுபோய்க் காட்டினாள். தெரேஸ் ஜாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நியேவெஸை அவள் 'நாங்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"அழகாத்தான் இருக்கு நாங். இப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது.

லேபிளில் அவள் படம் வந்த கதையும் சின்னதுதான். கடைக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம். ஒருநாள் சாயங்காலம் மீன் குழம்புக்கு நியேவெஸ் அதில் இலை பறித்துக்கொண்டிருந்தபோது, தெரேஸ் கூட்டிவந்த புகைப்படக்காரன் அவளைப் படம் பிடித்துவிட்டான். கையில் முருங்கைக் கொத்து, தலையில் துண்டு, சிரித்த முகம். அவளுக்குச் சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, வயதைவிடப் பத்து குறைவாகத் தெரிவாள். சோறும் மீனும் கீரையுமாக வளர்ந்த உடம்பு.

"நாங், உங்க படத்தை லேபிள்ல போடறேன். பக்கத்துல ஒரு வரியும் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்குங்க மேம்," என்றாள். ஒரு வரி என்றால் தன் பெயர் என்று நினைத்தாள்.

வந்த லேபிளின் வலது முனையில் அவள் முகம் இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில், ஓரத்தை ஒட்டி, விரல் அகலத்துக்கு எழுத்து: 'தினமும் இரண்டு கரண்டி. எனக்குச் சர்க்கரை நோய்க் கவலையே இல்லை. - நியேவெஸ்.' அவளுக்குச் சர்க்கரை நோய்க் கவலை இல்லை என்பது நிஜம். யேமாவை அவள் வாயில் வைத்ததில்லை என்பதும் நிஜம். நாளெல்லாம் அந்த மணத்தில் இருப்பவளுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். அன்று முழுக்க அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மறுநாள் இருநூறு ஜாடி ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டினாள்.

இலை வந்த பிறகு ஊரில் ஒரு விஷயம் மாறியது. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் பிஸ்கட் டப்பாவோ ஆரஞ்சோ கொண்டுபோவார்கள். யேமாவை ஊருக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள், விருந்துக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். படுக்கையில் கிடப்பவனுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். இப்போது வாங்கினார்கள். பச்சை லேபிள், பெரிய இலை, உடலுக்கு நல்லது. பிஸ்கட்டைவிடக் கௌரவமாகவும் இருந்தது.

இது நியேவெஸுக்குத் தெரிய வந்தது தொர்க்குவாத்தோவின் வீட்டில்.

தொர்க்குவாத்தோ அவள் கணவனோடு கரும்பாலையில் வேலை பார்த்தவர். அவள் மகனுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் அவர் அவளை 'மாரே' என்பார், அவள் அவரை 'பாரே' என்பாள். அவருக்கும் அவர் மனைவி கொன்சிங்குக்கும் முப்பது வருடமாக அவள்தான் மாரே. சர்க்கரை நோயில் அவருக்கு வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் பார்க்கப் போனாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வா மாரே, உக்காரு," என்றார் தொர்க்குவாத்தோ கட்டிலிலிருந்து. "எங்க உக்காருவ? எல்லா இடத்துலயும் நீயேதான் உக்காந்திருக்க."

ஜன்னல் கட்டையில் வரிசையாக ஒன்பது ஜாடிகள். ஒன்பதிலும் தலைத்துண்டு கட்டிய நியேவெஸ் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி விளக்க அணைக்கப் போனா ஒம்போது பேரும் என் புருஷனையே பாக்கறீங்க," என்றாள் கொன்சிங். "எனக்கே கூச்சமா இருக்கு."

"யாரு குடுத்தா இவ்வளவு?"

"பாக்க வர்றவங்கதான். ஆலைக்காரங்க மூணு, கோயில் பாட்டுக்காரங்க ரெண்டு, என் தங்கச்சி ஒண்ணு... வாங்கி உள்ள வைக்கவும் முடியாது. அடுத்த தடவை வர்றப்ப கண்ணு முதல்ல அதத்தான் தேடும். தெறந்து கொஞ்சமாவது கொறஞ்சிருக்கணும்."

"தெறந்துதான் இருக்கேன்," என்றார் அவர். "காலைல ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. நீ சொன்ன கணக்கு ஒரு நாளும் தப்பினதில்ல."

"நான் எப்ப சொன்னேன்?"

"இந்தா, நீ சொன்னதுதான். கண்ணாடி போட்டுக்கிட்டு நானே படிச்சேன்."

ஜாடியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். நியேவெஸ் அந்த வரியைப் பார்த்தாள். பிறகு அதற்குக் கீழே என்ன வரி மூடியிருக்கிறது என்று தெரிந்த இடத்தைப் பார்த்தாள். முனை நேராக இருந்தது. நகம் நுழையாது.

"கொஞ்சமா சாப்பிடு பாரே," என்றாள்.

"கொஞ்சந்தானே. ரெண்டு கரண்டி என்ன, மலையா?"

கொன்சிங் காப்பி கொண்டுவந்தாள். நியேவெஸ் குடித்தாள். வாழைப்பழத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கடையில் வேலை செய்கிற பதினோரு பேரின் முகங்களும் வந்தன. தன் வயதில் வேறு மேசை எங்கே கிடைக்கும் என்பதும் வந்தது. வீட்டில் உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடையின் பின்கதவில் கொன்சிங் நின்றாள். முகம் வற்றியிருந்தது.

"புண்ணு ஆறல மாரே. பக்கத்து விரலும் கருத்துப் போச்சு. வெள்ளிக்கெழம பாப்பேன், அப்படியே இருந்தா கணுக்காலோட எடுக்கணும்ங்கறார் டாக்டர்."

நியேவெஸ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"வந்த ஜாடியெல்லாம் தீந்து போச்சு, கரண்டி பெருசாயிட்டே போச்சு," என்று கொன்சிங் தொடர்ந்தாள், பையைத் திறந்துகொண்டே. "உடம்பு தேறணும்னா விடக்கூடாதுங்கறார் உன் பாரே. வேலைக்காரங்களுக்குக் கொறச்சுத் தருவாங்கதானே? உன் பேர்ல ரெண்டு ஜாடி எடுத்துக் குடேன்."

நியேவெஸ் உள்ளே போய் ஒரு ஜாடியை எடுத்தாள். கத்தி முனையால் லேபிளின் ஓரத்தைத் தூக்கினாள். தான் ஒட்டியதைத் தானே பிரிப்பது அதுதான் முதல் தடவை, லேசில் வரவில்லை. அதோடு கொன்சிங்கையும் கூட்டிக்கொண்டு நேராகத் தொர்க்குவாத்தோவின் கட்டிலுக்குப் போனாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அறுபத்திரண்டா! நூத்துக்கா?"

"ஆமா."

"மாரே, முப்பத்தொரு வருஷம் ஆலைல சர்க்கரை மூட்டை தைச்சவன் நான். என் நாக்குக்குத் தெரியாதா? முதல் கரண்டியிலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சாப்பிட்ட?"

"உன் மூஞ்சி இருந்துச்சே. இத்தன வருஷமா அந்தக் கடையில இருக்கறவ. உனக்குத் தெரியாததா என் நாக்குக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் இருந்துச்சு, அத ஒத்துக்கணும்."

கொன்சிங் கையிலிருந்த துண்டால் அவர் தோளில் ஓர் அடி போட்டாள். பிறகு நியேவெஸ் பக்கம் திரும்பினாள். அவள் சிரிக்கவில்லை.

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்," என்றாள் நியேவெஸ்.

மறுநாள் காலை தெரேஸிடம் போய் நின்றாள். சனிக்கிழமை விமான நிலையக் கடைகளுக்குப் போக வேண்டிய அறுநூறு ஜாடிக்கான சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தாள் தெரேஸ். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது அவளுக்கும்.

"மேம், லேபிள்லேருந்து என்னை எடுத்துடுங்க."

"ஏன் நாங்? படத்துல நல்லாத்தானே இருக்கீங்க."

"படம் நல்லாத்தான் இருக்கு. அது பேசறதுதான் நல்லால்ல."

ஜன்னல் கட்டையில் இருந்த ஒன்பது ஜாடியைச் சொன்னாள், விரலைச் சொன்னாள், வெள்ளிக்கிழமையைச் சொன்னாள். தெரேஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவர் டாக்டர்கிட்ட கேட்டிருக்கணும் நாங்."

"டாக்டரோட படம் ஜாடில இல்லையே மேம்."

வெளியே கரும்பு லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. 

"இலைக்கு முன்னாடி இங்க எத்தனை ஜாடி போச்சுன்னு உங்களுக்கே தெரியும்," என்றாள் தெரேஸ். "இன்னிக்கு இங்க எல்லாரும் அந்த இலையைத்தான் தின்னுட்டிருக்கோம், நானும் சேத்து. அலமாரியில நாலாயிரம் லேபிள் இருக்கு. அது தீரட்டும். அடுத்ததுல உங்க படமும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். நெசமாத்தான் சொல்றேன்."

"அது தீர எத்தனை மாசம் ஆகும்?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆகும்."

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்க மாட்டாங்களே மேம்."

தெரேஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அறுநூறு, நாங். சனிக்கிழமை காலை. ஒட்டிடுங்க."

"ஒட்டறேன்," என்றாள் நியேவெஸ்.

மேசைக்குத் திரும்பி ஒரு லேபிளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிழிக்கலாம். கறுப்பு மையால் அடிக்கலாம். இரண்டையும் யாரும் கடையில் வைக்க மாட்டார்கள். அசிங்கமாகவும் இருக்கும், அவள் கையால் அசிங்கமாக எதுவும் போனதில்லை. ஒட்டாத லேபிளை ஒரு காலி ஜாடியில் சுற்றிப் பார்த்தாள். வலது முனை மேலே வந்தால் சர்க்கரை மறைகிறது. பிரித்தாள். மறுபடி சுற்றினாள். இடது முனை மேலே வந்தால் சர்க்கரை தெரிகிறது. ஓரத்தில் இருக்கிற எழுத்து, இரண்டு கரண்டியும் கவலையின்மையும், முழுசாக அடியில் போய்விடுகிறது. முகம் மட்டும் நின்றது, வாயைத் திறக்காமல்.

லேபிளில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை ஆரம்பித்தாள். அன்று இருநூற்றெண்பது. வெள்ளிக்கிழமை மதியம் நானூற்றுச் சொச்சத்தில் இருந்தபோது கொன்சிங்கிடமிருந்து போன் வந்தது.

"வெட்டல. கருப்பு மேல ஏறல, இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம்னார்."

"அந்த விரல்?"

"அது போகும்."

கொன்சிங் போனை வைக்கவில்லை.  மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "மீன் கொழம்புதான் வைக்கறேன் தெனமும். முருங்கை இருந்தா கொஞ்சம் கொண்டா," என்றாள்.

"கொண்டாறேன்."

நியேவெஸ் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஜாடியை எடுத்தாள். மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். கோட்டைத் தேடினாள். எந்த முனை என்று பார்த்தாள்.

சனிக்கிழமை ஏழரைக்கு வண்டி வந்தது. அட்டைப்பெட்டிகள் இருபத்தைந்து, இருபத்துநான்கை வண்டிக்காரர் ஏற்றிவிட்டார். கடைசிப் பெட்டி திறந்தபடி மேசையில் இருந்தது, வழக்கம்போல. தெரேஸின் அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம்: போகிற சரக்கில் கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு ஜாடியை முதலாளி எடுத்து, ஒட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பது. தெரேஸும் எடுத்தாள். ஓட்டினாள். விரல் நின்றது.

ஜாடியைத் திருப்பி அந்த வரியைப் படித்தாள். மறுபடி திருப்பி, படத்துக்குப் பக்கத்தில் எழுத்து இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இது ஒண்ணுதானா?"

"அறுநூறும், மேம்."

"கிளம்பணும் மேம்," என்றார் வண்டிக்காரர் வாசலிலிருந்து. "எட்டரைக்கு சரக்கு வாங்கற இடத்த மூடிடுவாங்க. விட்டா நாளைக்கும் கெடையாது, ஞாயித்துக்கெழம."

தெரேஸ் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நியேவெஸின் ஸ்டூல். ஜாடி அவள் மடியில் இருந்தது. முப்பத்துநான்கு வயதுதான், அந்த நேரத்தில் அவள் அப்பாவைப் போலவே இருந்தாள்.

"பிரிச்சுத் திரும்ப ஒட்டினா?"

"பிரியாது மேம். கத்தி போட்டாத்தான் வரும். போட்டா லேபிள் கிழியும்."

"தெரியுது." கட்டைவிரலை மறுபடியும் ஓட்டினாள். "நேராத்தான் இருக்கு."

நியேவெஸ் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள். "திங்கக்கெழம வரட்டுமா மேம்?"

தெரேஸ் ஜாடியை மடியிலிருந்து எடுத்தாள். வண்டிக்காரர் எஞ்சினைப் போட்டார்.

"திங்கக்கிழமை பேசிக்கலாம்," என்றாள். எழுந்து, ஜாடியைப் பெட்டியில் அதன் குழியில் தானே வைத்தாள்.

நியேவெஸ் மடல்களை மடக்கி, டேப்பை இழுத்து, நடுவில் ஒன்றும் குறுக்கே இரண்டுமாக ஒட்டினாள். நுனியை நகத்தால் தேய்த்துவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வண்டிக்காரரின் நீட்டிய கைகளில் கொடுத்தாள்.